முதலிடப் பாட்டும் பேருந்து நடையும்

பண்பலை வானொலியில் வாரத்துக்கு ஒருமுறை வரும் 'டாப் டென்', 'டாப் டுவென்டி' நிகழ்ச்சிகளைக் கேட்டிருப்பீர்கள். கடைசி இடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, முதலிடத்துக்குச் சற்று முன் விளம்பரம் போட்டு நம்மைக் காக்க வைத்து, பிறகு "இந்த வாரத்தின் நம்பர் ஒன் பாட்டு" என்று அறிவிப்பாளர் முழங்குவார். மறுநாள் கல்லூரியில் மாணவர்கள் இதை வைத்து வாதாடுவார்கள். தங்கள் அபிமான இசையமைப்பாளரின் பாட்டு முதலிடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டால், தேர்தலில் தோற்ற கட்சிக்காரர் போல முகம் வாடிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் யாராவது ஓர் அளவீட்டைக் கொண்டுவந்தால் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். எதை அளந்தாய்? எதைக் கொண்டு அளந்தாய்? பிழை எவ்வளவு? இதே கேள்விகளைப் பாட்டு வரிசையிடமும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஒலிபரப்பை வைத்துப் போடப்படும் வரிசைகளின் அடிப்படை எளிது. ஒரு வாரத்தில் ஒரு பாட்டு எத்தனை முறை வானொலியில் ஒலித்தது என்று எண்ணுகிறார்கள். அதிக முறை ஒலித்தது முதலிடம். இதில் என்ன குறை என்று தோன்றலாம். அடையாறு பேருந்து நிலையத்துக்கு வாருங்கள், சொல்கிறேன். எந்தத் தடப் பேருந்து ஒரு நாளில் அதிக நடை போகிறது என்று ஒருவர் மணிக்கூண்டுக்கு அடியில் நிற்பவரைப் போல நின்று எண்ணுகிறார். 29சி அதிக நடை போனது என்று வைத்துக்கொள்வோம். உடனே அவர் "சென்னை மக்கள் மிகவும் நேசிக்கும் பேருந்து 29சி" என்று அறிவித்தால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா? எத்தனை நடை என்பதைத் தீர்மானிப்பது பணிமனை. மக்கள் ஏறினார்களா என்பதை அறிய டிக்கெட்டை எண்ண வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்குப் பயணம் இலவசம். அவர்களுக்குக்கூடக் கட்டணமில்லா டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். கணக்கு வேண்டுமே!

வானொலியில் அந்த டிக்கெட் இல்லை. இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை ஒருவழிப் பயணி. கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்து லட்சம் பேரானாலும் கோபுரம் வெளியிடும் திறன் ஒன்றே. உங்கள் வானொலிப் பெட்டியின் ஏரியல் அந்த அலையிலிருந்து எடுத்துக்கொள்வது மிக மிகச் சொற்பம். பாட்டுப் பிடிக்காமல் நீங்கள் வெடுக்கென்று அணைத்தாலும் நிலையத்து மீட்டரில் முள் ஒரு மயிரிழைகூட அசையாது. கைப்பேசியில் இணையத்தின் வழியே பாட்டுக் கேட்டால் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது மறுமுனைக்குத் தெரியும். அது வேறு கணக்கு. காற்றில் வரும் வானொலிக்கு அந்த வசதி கிடையாது.

எண்ணும் வேலை நடக்கும் விதத்தைக் குறை சொல்ல முடியாது. அது அழகான இயற்பியல். கணிப்பொறி ஒன்று இரவு பகலாக எல்லா நிலையங்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வரும் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள் ஓங்கியிருக்கின்றன என்று பார்க்கிறது. காலத்தைக் கிடை அச்சிலும் அதிர்வெண்ணை நெட்டச்சிலும் வைத்து, ஓங்கிய இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால், இரவு வானத்து விண்மீன்களைப் போல ஒரு கோலம் கிடைக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோலம். ஒன்றிரண்டு மீன்களை மேகம் மறைத்தாலும் சப்தரிஷி மண்டலத்தை நாம் அடையாளம் காண்பதில்லையா? அதுபோல, பாட்டின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருந்தாலும், கரகரப்பு கலந்தாலும், மீதிப் புள்ளிகளைக் கொண்டு கணிப்பொறி பாட்டைச் சொல்லிவிடும்.

இம்முறை வருவதற்கு முன் நிலைமை மோசம். அமெரிக்காவின் 'பில்போர்ட்' இதழ் 1958 முதல் 'ஹாட் 100' என்ற வரிசையை வெளியிட்டு வருகிறது. எந்தப் பாட்டை எவ்வளவு ஒலிபரப்பினோம் என்று நிலையங்களே சொல்ல, அதை வாங்கிப் பதிந்துகொண்டார்கள். ஒலிபரப்பாத பாட்டையும் ஒலிபரப்பியதாகச் சொன்ன நிலையங்கள் உண்டு. பாட்டைப் போட இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் அறிவிப்பாளர்கள் பணம் வாங்கிய விவகாரம் 1959–60இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை போயிற்று. 1991 நவம்பரில் இயந்திரக் கணக்கு வந்த பிறகு வரிசையின் போக்கே மாறியது. பாட்டுகள் முன்னைவிட நீண்ட காலம் பட்டியலில் தங்கின. பாட்டுகளின் ஆயுள் திடீரென்று கூடிவிடவில்லை. அளவுகோல்தான் மாறியது.

சரி, எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஆனால் எதன் எண்ணிக்கை? ஒரு பண்பலை நிலையம் மணிக்குப் பன்னிரண்டு பாட்டுப் போடுவதாகக் கொள்வோம். நாளைக்கு 288 இடங்கள். நிலையத்தின் இசைப் பொறுப்பாளர் பாட்டுகளை வகை பிரித்துக் கணிப்பொறியில் ஏற்றிவிடுகிறார். முதல் வகை மூன்று மணிக்கு ஒருமுறை, அடுத்த வகை எட்டு மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகைப் பாட்டு வாரத்துக்கு 56 முறை ஒலிக்கும். அடுத்த வகை 21 முறை. கேட்பவர்கள் எவ்வளவு உருகினாலும் 21 தானாக 56 ஆகாது. பொறுப்பாளர் வகையை மாற்றினால்தான் ஆகும். வாரக் கடைசியில் "56 முறை ஒலித்த பாட்டு முதலிடம்" என்று அறிவிப்பது, பள்ளிக்கூடத்து நேர அட்டவணையைப் பார்த்து, வாரத்துக்கு எட்டுப் பீரியட் உள்ள பாடம்தான் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பாடம் என்று கண்டுபிடிப்பதற்குச் சமம். முதல் வகையில் ஐந்து பாட்டுகள் இருந்தால் அவற்றுக்குள் முதலிடமா ஐந்தாமிடமா என்பதை ஏதோ ஒரு நாள் கூடுதலாக வந்த இரண்டு விளம்பரங்கள் தீர்மானித்துவிடும். மாணவர்கள் வாடுவது இந்த இரண்டு விளம்பரங்களுக்காகத்தான்.

இந்தக் குறையை அறிந்தவர்கள் ஒரு திருத்தம் செய்கிறார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு ஒலித்ததையும் காலை எட்டு மணிக்கு ஒலித்ததையும் ஒன்றாக எண்ணாமல், அந்தந்த நேரத்தில் கேட்பவர் தொகையால் பெருக்குகிறார்கள். எடுத்துக்காட்டாக, நள்ளிரவில் 5,000 பேரும் காலையில் 1,00,000 பேரும் கேட்பதாகக் கொண்டால், இரவில் 40 முறை வந்த பாட்டுக்கு 2 லட்சம், காலையில் 25 முறை வந்த பாட்டுக்கு 25 லட்சம். நியாயமான திருத்தம்தான். ஆனால் அந்த 25 லட்சம் என்பது 25 லட்சம் பேரா, ஒரு லட்சம் பேரின் காதில் இருபத்தைந்து முறையா? கணக்குச் சொல்லாது. பெருக்கும் எண்ணே மாதிரிக் கணக்கெடுப்பில் வந்தது. நம் நாட்டில் 2007இல் சில பெருநகரங்களில் தொடங்கிய கணக்கெடுப்பு, தேர்ந்தெடுத்த ஆட்களிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, கேட்ட நிலையத்தை எழுதச் சொன்னது. 500 பேரிடம் கேட்டு, ஒரு நிலையத்துக்கு 20 விழுக்காடு கிடைத்தால், புள்ளியியல்படி உண்மை ஏறத்தாழ 16½க்கும் 23½க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இத்தனை தளர்ச்சியுள்ள எண்ணால் பெருக்கிவிட்டு ஏழாமிடம், எட்டாமிடம் என்று பிரிப்பது, மரக்கட்டை ஸ்கேலால் முடியின் தடிமனை அளப்பது போன்றது.

கேட்பது என்பதும் விரும்புவது ஆகாது. அடையாறு லேட்டிஸ் பிரிட்ஜ் சாலைப் பக்கம் ஏதாவது முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து பாருங்கள். வானொலி பாடிக்கொண்டிருக்கும். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, கன்னத்தில் கத்தி இருக்கும்போது நிலையத்தை மாற்றச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவரும் கணக்கில் ஒரு நேயர்.

பழைய முறை மேலானதா என்று கேட்கலாம். 1952இல் வானொலி அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். அதே ஆண்டில் அங்கே அமீன் சயானி நடத்தத் தொடங்கிய 'பினாகா கீத் மாலா' இந்திப் பாடல்களை வரிசைப்படுத்திப் புகழ் பெற்றது. தொடக்கத்தில் நேயர் கடிதங்கள்; பின்னர் கடைகளில் இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் வாக்கும். இதிலும் ஓட்டைகள் இருந்தன. இசைத்தட்டு வாங்கக் காசுள்ளவன் கை ஓங்கும். மொத்தமாக வாங்கி விற்பனையை உயர்த்தலாம். அஞ்சலட்டையை ஒருவரே நூறு எழுதலாம். ஆனாலும் அந்த வரிசை வானொலிக்கு வெளியே போய், காசையோ கைப்பட எழுதும் சிரமத்தையோ செலவிட்ட மனிதரை எண்ணியது. தவறாக எண்ணியிருக்கலாம், எண்ண வேண்டியதை எண்ண முயன்றது. ஒலிபரப்பு வரிசையோ வானொலிக்குள்ளேயே சுற்றி, தன் நிழலைத் தானே அளக்கிறது. என் மதிப்பில் முன்னதே மேல்.

நிழலை அளப்பதோடு நின்றால்கூடப் பாதகமில்லை. அளவீடு, அளக்கப்படும் பொருளையே மாற்றுகிறது. ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் 'கீ' என்று அலறுமே, அதே கதை. வரிசையில் ஏறிய பாட்டு மேலும் ஒலிக்கிறது. மேலும் ஒலிப்பதால் வரிசையில் ஏறுகிறது. 2006இல் 'சயன்ஸ்' இதழில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத 48 பாட்டுகள், 14,341 பேர். ஒரு பகுதியினர் பிறர் தேர்வை அறியாமல் தேர்ந்தார்கள். மற்றவர்கள் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். அவரவர் உலகில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது காட்டப்பட்டது. ஓர் உலகின் முன்னணிப் பாட்டு இன்னோர் உலகில் பின்தங்கிக் கிடந்தது! மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். பின்னொரு சோதனையில் வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள். பொய்யாக மேலே ஏற்றப்பட்ட பாட்டுகள் பல, உண்மையாகவே பரவின.

இதில் நட்டப்படுவது யார்? திரைப்படத்தின் துணையில்லாமல் பாட்டெழுதி மெட்டமைக்கும் இளைஞர், முதல் வகையில் ஏற்றப்படாததால் 21லேயே நிற்பவர், நம் காதுக்கு வந்தே சேராதவர். இதே எண்ணிக்கையை இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்தினால் நான் கைதட்டுவேன். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்கிறது. எத்தனை முறை ஒலித்ததோ அத்தனை முறைக்குக் கூலி என்றால், விண்மீன் கோலக் கணிப்பொறியைப் போல நேர்மையான கணக்குப்பிள்ளை கிடைக்க மாட்டார்.

வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம் போதும். நண்பர்கள் மூவர் முறை வைத்து ஒரே நிலையத்தைக் கேளுங்கள். முதலிடத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பாட்டு ஒலிக்கும் நேரத்தை எல்லாம் குறித்து, அடுத்தடுத்த இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள். தனித்தனி மனிதர்கள் அவரவர் விருப்பப்படி கேட்டதால் ஒலிக்கிறது என்றால், கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவியின் 'டிக்' ஒலியைப் போல இடைவெளிகள் தாறுமாறாக இருக்கும். சில பத்து நிமிடம், சில ஐந்து மணி. பேருந்து அட்டவணையைப் போல ஏறக்குறைய சமமாக இருந்தால், அது யார் விருப்பம் என்று உங்களுக்கே விளங்கும். இரவு பதினொன்றுக்கு மேல் பெரும்பாலும் பழைய பாட்டுகள் வரும். அவை வரிசையில் சேர்வதே இல்லை. அவற்றைத் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.