கூறையும் கோடியும்

குளுவாங் வட்டாரத் திருமணங்களில் மணமகள் ஒரு சேலையில் மணவறைக்கு வந்து, பெரியோர் தொட்டு வாழ்த்திய கூறையைத் தட்டோடு பெற்று, அதனை உடுத்தி மீண்ட பின்னரே தாலி ஏற்கிறாள். அக்கூறை இன்று பெரும்பாலும் காஞ்சிபுரப் பட்டு. அரக்குச் சிவப்பும் அகன்ற சரிகையுமே தொன்றுதொட்ட மரபு என மாணவர்க்கும் கற்பித்து வருகிறோம். சங்கச் சான்று இதற்கு இடந்தரவில்லை.

அகநானூற்றில் நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாடலும் விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடலும் மணநாள் இரவில் தலைவி போர்த்திருந்த ஆடையைக் காட்டுகின்றன. முன்னது அதனைக் கோடி என்கிறது. பின்னது கசங்காதது என்கிறது. அவ்வாடையின் நிறமோ பட்டென்பதோ பேசப்படவில்லை. புதுமையே அங்கு மங்கலம். (இழவு வீட்டிலும் கோடி உண்டென்பது வேறு செய்தி.) இவ்வளவையால் நோக்கின், வாடகைக்கு எடுத்த பட்டு எத்துணை விலையுயர்ந்ததாயினும் கோடி ஆகாது.

மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டின் பெயர்பெற்ற சேலையும் பட்டும் பருத்தியும் கலந்த கட்டம்போட்ட நெசவேயன்றி முழுப்பட்டு அன்று. இரப்பர்த் தோட்டத்தில் புதுப் பருத்திச் சேலையுடுத்தி மணந்த பாட்டியின் படத்தை மாணவி ஒருத்தி வகுப்பிற்குக் கொண்டுவரின், அதனை மரபினின்று வழுவியது எனத் திருத்த இப்பாடல்கள் நமக்குத் துணைநில்லா.