விவிலியத் திருத்தமும் எலிசா கால்டுவெல்லும்

1871ஆம் ஆண்டில் நிறைவுற்ற தமிழ் விவிலியத் திருத்தப் பதிப்பை ஆராய்வோர், தலைமைத் திருத்தரான என்றி பவரையும் குழுவில் இருந்த கால்டுவெல்லையும் கூறி அமைவர். கால்டுவெல்லின் துணைவியார் எலிசாவைக் குறிப்போர் அரியர். இதனைக் குறையென்றே யாம் கருதுகின்றோம்.

கால்டுவெல் 1838இல் சென்னையில் கரையேறியவர். (இன்று எண்ணூர்வரை துறைமுகங்கள் நீளும் இக்கரையில், அன்று கப்பலினின்று மசூலாப் படகில் இறங்கல் வேண்டும்.) தமிழை வளர்ந்தபின் பயின்றவர் அவர். எலிசாவோ நாகர்கோவிலில் மால்ட் என்னும் சமயத் தொண்டரின் மகளாய்ப் பிறந்தவர். தமிழ் அவர்க்கு இளமைமுதல் பழகிய மொழி. 1844இல் மணந்த இருவரும் இடையன்குடியில் நெடுங்காலம் பணிபுரிந்தனர். கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டது 1856இல். எலிசா பெண்கள் பள்ளி நடத்தி, ரேந்தைப் பின்னல் கற்பித்து, ஊர்ப்பெண்டிர் பேச்சினூடே நாள்தோறும் வாழ்ந்தார்.

அப்பதிப்பில் வடசொல் மிகுதி என்னும் குற்றச்சாட்டு பொருந்துவதே. ஆயினும் மறைநூல், எழுத்தறியாப் பனைத்தொழிலாளர் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கப்படுவது. வாசிக்கக் கேட்டவுடன் பொருள் விளங்குமா என்பதற்கு ஏட்டறிவினும் செவியறிவே உரைகல். அவ்வறிவு இளமைமுதல் வாய்த்தவர்க்கு ஆடவர் குழுவில் இடமில்லை. ஆதலின் குழுவின் பெயர்ப்பட்டியலையே மொழிபெயர்ப்பின் முழு வரலாறாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி முறையன்று.