மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு?

கூம்பு நத்தையைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. அழகான சங்கு, எடுத்தால் மரணம். அந்த விஷத்திலிருந்தே ஒரு மருந்து, அதுவும் மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு வீரியம், அடிமைப்படுத்தாது. முடிவில் 'இயற்கை ஒரு மருந்தகம்' என்று ஒரு வரி. இதுவரை பத்துப் பதினைந்து படித்திருப்பேன். பெரிய பொய் எதிலும் இல்லை. ஆனால் படித்து முடிப்பவர் மனதில் பதிவது பொய்தான் என்பது என் குற்றச்சாட்டு.

அந்த 'ஆயிரம் மடங்கு' என்ன சொல்கிறது? மருந்தின் பெயர் சிகோனோடைடு. கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் விஷத்தில் இருக்கும், 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடை அப்படியே ஆய்வகத்தில் செய்தது. நத்தையைப் பிழிந்து எடுப்பதில்லை. அமெரிக்காவில் 2004 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் ஆரம்பித்து, அதிகபட்சம் 19.2 மைக்ரோகிராம் வரை கொடுக்கலாம். மார்ஃபினை நாம் மில்லிகிராமில் அளப்போம். மடங்குக் கணக்கு வருவது இங்கிருந்துதான். எடைக்கு எடை பார்த்தால் இது கொஞ்சமே போதும், அவ்வளவுதான். 'கொஞ்சம் போதும்' என்பது வேறு, 'வலி அதிகம் குறையும்' என்பது வேறு. மிளகாய்த்தூளை விடக் குறைவான உப்பு போதும் என்பதால் உப்பு நல்ல மசாலா ஆகிவிடுமா?

வலி எவ்வளவு குறைந்தது என்பதற்கு வேறு எண்கள் இருக்கின்றன. 2004இல் வெளியான ஆய்வில் புற்றுநோய், எய்ட்ஸ் நோயாளிகள் 111 பேர். மருந்து பெற்றவர்களுக்கு வலி அளவு சராசரியாக 53 சதவீதம் குறைந்தது, வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 18. நல்ல முடிவுதான். ஆனால் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்ததால் அளவை மிக மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். 2006இல் வந்த அந்த ஆய்வில், எதற்கும் அடங்காத வலி கொண்ட 220 பேரில், மூன்று வாரம் கழித்துக் கிடைத்த வித்தியாசம் 14.7க்கு 7.2. நோயாளிகளும் வேறு, முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும், ஆயிரம் மடங்கு என்ற சொல்லோடு 14.7ஐ வைத்துப் பாருங்கள்.

கட்டுரைகள் விட்டுவிடும் இன்னொன்று, இதை எங்கே செலுத்துகிறார்கள் என்பது. மாத்திரை கிடையாது, கை ஊசியும் கிடையாது. ரத்தத்தில் போட்டால் ரத்த அழுத்தம் விழும், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சரியாகப் போய்ச் சேராது. அதனால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் மெல்லிய குழாய் இறக்கி, பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடுமையான மனநலப் பாதிப்பும் நரம்புக் கோளாறும் வரலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கையோடுதான் மருந்து வருகிறது. அதன் உண்மையான பெருமைகளையும் சொல்லிவிடுகிறேன்: உடம்பு பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியதில்லை, மூச்சை அடக்காது, திடீரென்று நிறுத்தினாலும் ஏங்கவைக்காது. வேறு எதுவும் கேட்காத சிலருக்கு இது பெரிய விஷயம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன்? எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இந்த நத்தைச் செய்தி வந்தபோது, புற்றுநோய் வலியில் இருந்த ஒரு பெரியவரின் மகள், "அப்போ மார்ஃபின் வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டாள். இந்தியா சட்டப்படி அபின் பயிரிடும் நாடு. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் போட்ட கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே பல ஆண்டுகள் பெரும்பாடாக இருந்தது. 2014 திருத்தம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. சட்டம் தளர்ந்தாலும் பயம் தளரவில்லை. இப்படிப்பட்ட ஊரில், மலிவான, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கும் ஒரு மருந்தை, நத்தையை உயர்த்துவதற்காக மட்டம்தட்டி எழுதுவது சும்மா சுவாரசியத்துக்காக என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதைவிட ஒரு இழப்பு, நல்ல கதை சொல்லப்படாமலே போவது. பால்டொமேரோ ஒலிவேரா அமெரிக்காவில் டி.என்.ஏ. ஆய்வு செய்துவிட்டு மணிலா திரும்பினார். அந்த வேலையைத் தொடரக் கருவிகள் இல்லை. பக்கத்துக் கடலில் நத்தை தாராளமாகக் கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டார். பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில், கிரேக் கிளார்க் என்ற மாணவர் விஷத்தின் கூறுகளைத் தனித்தனியாக எலியின் மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்க்கலாம் என்றார். ஒன்றுக்கு எலி தூங்கியது, இன்னொன்றுக்கு வட்டமடித்தது, மற்றொன்றுக்கு நடுங்கியது. சிகோனோடைடாக மாறிய பெப்டைடைப் பிரித்தெடுத்த மைக்கேல் மெக்கின்டோஷ் அப்போதுதான் பள்ளி முடித்து வந்த பையன்.

நடுங்கவைத்த கூறுகளில் ஒன்று கோனஸ் ஜியோகிராஃபஸ் நத்தையுடையது. நரம்பு முனையில் இருக்கும் ஒரு வகைக் கால்சியம் வாயிலை மட்டும் பிடித்து, கிட்டத்தட்ட விடவே விடாது. அதை வைத்துத்தான் அந்த வாயிலை மற்ற வகைகளிலிருந்து பிரித்துக் காட்டினார்கள், அது நரம்புச் செய்தியை எப்படி வெளியேற்றுகிறது என்றும் பார்த்தார்கள். அதாவது, விஷம் முதலில் மருந்தாகவில்லை, ஆய்வுக் கருவியாகியது. எந்தப் பூட்டைப் பூட்டினால் வலி அடங்கும் என்பது தெளிவானதற்கு அந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கும் லாம்பர்ட்-ஈட்டன் என்ற தசைத்தளர்ச்சி நோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையில் கதிரியக்கம் ஏற்றிய நத்தைப் பெப்டைடு பயன்படுகிறது. ஆயிரம் மடங்குக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

2015இல் இன்னொன்று தெரிந்தது. இதே ஜியோகிராஃபஸ், மீனைச் சோர்வடையச் செய்ய இன்சுலினை ஆயுதமாக்குகிறது. நம் இன்சுலினில் 51 அமினோ அமிலம், இதில் 43. நம்முடையது ஆறு ஆறாக ஒட்டிக்கொண்டு கிடந்து, பிரிந்தபிறகுதான் வேலை செய்யும். ஒட்டவைக்கும் அந்த வால்பகுதியே நத்தையினுடையதில் இல்லை. வால் இல்லாமலும் இன்சுலின் வேலை செய்யும் என்று காட்டியதுதான் கண்டுபிடிப்பு. 'நத்தை விஷத்தால் சர்க்கரை குணமாகும்' என்று தலைப்புப் போட்டவர்கள் தவறவிட்டது இதைத்தான்.

அந்தத் தூங்கவைத்த பெப்டைடுக்கு வைத்த பெயர் கோனன்டோகின். 'அன்டோக்' என்றால் பிலிப்பைன்ஸ் மொழியில் தூக்கம். இரண்டு வாரத்துக்குள்ளான எலிக்குட்டிக்குப் போட்டால் தூங்கும், மூன்று வாரம் தாண்டியதற்குப் போட்டால் கூண்டெல்லாம் ஓடும்.