ஊருணி யாருக்கும் கொடுப்பதில்லை: ‘ஒப்புரவறிதல்’ மறுவாசிப்பு

தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கும் தேர்வெழுதப் போகும் மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

திருக்குறளின் 22ஆம் அதிகாரமான ஒப்புரவறிதலில் வரும் ஊருணி உவமையை விளக்குமாறு வகுப்பில் ஒரு வினா கொடுத்திருந்தேன். செல்வர்கள் ஏழைகளுக்கு வாரி வழங்க வேண்டும் என்று பெரும்பாலோர் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், “ஊருணி யாருக்கும் கொடுப்பதில்லை, அது நிறைந்து கிடக்கிறது, ஊர் எடுத்துக்கொள்கிறது” என்று எழுதியிருந்தாள். பொருந்தாத விடை என்று சிவப்புக் கோடு போட்டேன். “குளம் எங்க டீச்சர் கொடுக்குது?” என்று கேட்டாள். “விடைக்குறிப்பைப் பாரும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை குறளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

215, 216, 217ஆம் குறள்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூன்றும் செல்வனைப் பற்றிப் பேசவில்லை, செல்வத்தைப் பற்றிப் பேசுகின்றன. பின்னிரண்டு குறள்களில் செல்வம் ஒருவனிடம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அவன் எடுத்துக் கொடுப்பதாக ஒரு வினைச்சொல்கூட அங்கே இல்லை. அடுத்த அதிகாரமான ஈகைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே இல்லாதவன் ஒருவன் இருக்கிறான், கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. ஊருணியில் மேல் கை, கீழ் கை கிடையாது.

பரிமேலழகர் இந்த வேறுபாட்டை உணர்ந்தே உரை எழுதியிருக்கிறார். ஒப்புரவு இம்மை நோக்கியது, ஈகை மறுமை நோக்கியது என்று பிரிக்கிறார். ஒப்புரவை அறநூல்கள் விதித்துச் சொல்வதில்லை, அவரவர் தாமே அறிந்து செய்ய வேண்டும் என்றும் விளக்குகிறார். தலைப்பில் ‘அறிதல்’ ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். நம் விடைக்குறிப்புகள் இரண்டு அதிகாரங்களையும் ‘உதவி செய்தல்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகின்றன.

உவமைகளின் வரிசையையும் கவனியுங்கள். குளத்து நீர் அடுத்த மழையில் நிரம்பிவிடும். பழம் அடுத்த பருவத்தில் காய்க்கும். மருந்து மரமோ இலை, பட்டை, வேர் என்று தன் உடம்பையே தருகிறது. எடுக்கப்படுவது படிப்படியாக மரத்தின் உயிர்வரைக்கும் போகிறது. இந்த ஏற்றத்தைச் சுட்டாமல் மூன்றையும் ‘பயன்படும் பொருள்கள்’ என்று எழுதினால் பாதி விடைதான்.

ஊருணியையே பார்க்காத நம் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது? டோபி காட் எம்ஆர்டியில் இறங்கச் சொல்லுங்கள். ‘காட்’ என்றால் படித்துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். பொதுத் தண்ணீரை நம்பிப் பிழைத்தவர்களின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859இல் கட்டியது. அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு குளக்கரையில், அரசமரத்தடியில் வேல் வைத்து வழிபட்டார்கள் என்பது கோயில் வரலாறு. நகரத்தாரிடம் மகமை என்றொரு வழக்கம் உண்டு. தொழில் வரவில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்கும் என்று ஒதுக்கிக் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரக்கம் வந்தால் கொடுப்பது, வராவிட்டால் விடுவது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ‘என் பணம்’ என்று ஆவதற்கு முன்பே அது பொதுப் பணம். இது ஈகையைவிட ஒப்புரவுக்கு நெருக்கமானது.

“வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த பணம்தானே?” என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, மறைக்காதீர்கள். உழைத்து ஈட்டிய பொருளைப் பற்றித்தான் 212ஆம் குறள் பேசுகிறது. திருமூலரும் ஓர் அளவுகோல் தருகிறார்: கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய மனிதரைச் சேர்வதில்லை, மனிதருக்குக் கொடுப்பதோ இறைவனையும் சேர்கிறது. மகமை யாரைச் சென்று சேர்ந்தது என்று கேட்டுப் பார்ப்பதும் இலக்கிய வாசிப்புதான்.

சேர்வது ஏன் முக்கியம்? கோயில் எழுவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன், 1857இல், சீன வணிகர் டான் கிம் செங் நகரத்துக்குக் குடிநீர் வர 13,000 வெள்ளி கொடுத்தார். உண்மையிலேயே ஊருணிக்கான பணம். ஆனால் பணி இழுத்துக்கொண்டே போனது. 1864இல் அவர் மறையும்வரை அந்தத் தண்ணீர் வரவில்லை. 1882இல் அவர் நினைவாக நீரூற்று ஒன்று எழுப்பினார்கள். மருந்து மரம் ‘தப்பாமல்’ இருக்க வேண்டும் என்கிறது குறள். எட்டாத இடத்தில் நின்றோ மறைந்து நின்றோ பயன்படாமல் போவதுதான் தப்புதல் என்கிறார் பரிமேலழகர். நல்ல மனம் மட்டும் போதாது, ஊரின் கைக்கு எட்ட வேண்டும்.

செல்வமே இல்லாதவர் என்ன செய்வது? வளம் குன்றிய காலத்திலும் அறிவுடையோர் ஒப்புரவில் தளர மாட்டார்கள் என்கிறது 218ஆம் குறள். இறைவனுக்கு ஓர் இலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் இல்லையென்றால் ஓர் இனிய சொல் என்று திருமூலர் இன்னும் கீழே இறங்கி வருகிறார். பள்ளி உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் இது எட்டும்.

மாணவர்களே, உவமையை விளக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது எதற்கு உவமை? வினை யாருடையது? ஏன் இந்த வரிசை? ஆசிரியர்களே, விடைக்குறிப்பில் இல்லாத ஒரு வரியைப் பார்த்தால், கோடு போடுவதற்கு முன் ஒருமுறை மூலத்தைப் பாருங்கள். அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். “கொடுத்தேன்” என்று சொல்வதும் தவறுதான். அது அவளுடையது.