சிவப்பு மாத்திரையின் ஆயுள்

ஹெலன் லாசன் என்ற பாத்திரத்தின் அசல் யார் என்று 1966-இல் நியூயார்க் நாடக வட்டாரத்தில் எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும் குரலோடு பிராட்வேயை ஆண்ட எதெல் மெர்மன்தான் அது என்பது ஊரறிந்த ரகசியம். நீலி ஓஹாராவுக்குள் ஜூடி கார்லண்ட் இருப்பதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய வாசகரின் நிலை தலைகீழ். ஹெலன் லாசனைப் படித்து முடித்த பிறகுதான் மெர்மன் யார் என்று தேடிப் போகிறார். பலர் போவதே இல்லை. கிசுகிசு அவ்வளவு சீக்கிரம் ஊசிப்போகும் பண்டம். அதை மட்டுமே நம்பிச் சமைத்த நாவல் என்றால், ஜாக்குலின் சூசனின் ‘வேலி ஆஃப் தி டால்ஸ்’ எழுபதுகளிலேயே நடைபாதைப் புத்தகக் கடைக்குப் போய் அங்கேயே செல்லரித்திருக்க வேண்டும். அறுபது ஆண்டாக அது நின்றுகொண்டிருப்பது எதன் பலத்தில் என்பதை இனியாவது கறாராகப் பார்க்கலாம்.

விளம்பரத்தின் பலத்தில் என்பது வழக்கமான முதல் பதில். அதில் உண்மை உண்டு. சூசன் நடிகையாகச் சோபிக்காதவர். கணவர் இர்விங் மான்ஸ்ஃபீல்ட் விளம்பரத்தையே தொழிலாகக் கொண்டவர். இருவரும் ஊர் ஊராகப் போய்ப் புத்தகக் கடைக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மலிவுப் பதிப்பை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களுக்கு விடியற்காலையில் காப்பி கொடுத்தார்கள். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 28 வாரம் முதலிடம், மூன்று கோடி பிரதி என்ற கணக்கில் அந்தக் காப்பிக்கும் பங்குண்டு. ஆனால் சூசன் 1974-இல் இறந்துவிட்டார். 1997-இல் குரோவ் பிரஸ்ஸும் 2003-இல் விராகோவும் நாவலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது காப்பி கொடுக்க அவர் இல்லை. மறக்கப்பட்ட பெண்ணெழுத்தை மீட்பதற்கென்றே தனி வரிசை நடத்தும் பதிப்பகம் விராகோ; அது வெறும் விற்பனைக் கணக்குக்காக ஒரு நூலை அந்த வரிசையில் வைக்காது.

நாவலைப் பற்றி இதுவரை இரண்டு தீர்ப்புகளே புழக்கத்தில் உள்ளன. குப்பை என்பது ஒன்று. வெளிவந்த ஆண்டிலேயே குளோரியா ஸ்டைனம் போன்றவர்கள் அப்படித்தான் கை கழுவினார்கள். மோசமாக இருப்பதாலேயே ரசிக்கத் தக்கது என்ற கேலி கலந்த கொண்டாட்டம் மற்றொன்று. இது மார்க் ராப்சன் இயக்கிய 1967-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து நாவலுக்குத் தொற்றியது. படம் அந்தக் கேலிக்கு முழுத் தகுதி உடையது. சூசனுக்கே அதைப் பிடிக்கவில்லை. படத்தின் கணக்கை நாவலின் பெயரில் எழுதுவது திறனாய்வு ஆகாது. இரண்டு தீர்ப்புகளும் பிரதியின் முன்னால் அரைமணி நேரம் உட்காராமல் சொல்லப்பட்டவை என்பதே என் குறை.

கதைக்காலம் 1945 முதல் 1965 வரை. மாசசூசெட்ஸின் சிற்றூரிலிருந்து நியூயார்க் வந்து, நாடகத் துறை வழக்கறிஞர் ஒருவரிடம் செயலராகச் சேரும் ஆன் வெல்ஸ். வாடவில் மேடைகளில் ஊர் சுற்றி வளர்ந்த நீலி. உடலைத் தவிரத் தன்னிடம் விலைபோகும் பொருள் ஏதுமில்லை என்று நம்பும் ஜெனிபர் நார்த். மூவரின் பெயரும் ஆண்டுமே அத்தியாயத் தலைப்புகள். எளிய உத்திதான். ஆனால் ஒருத்தி உச்சிக்கு ஏறும் தருணத்தில் கதை அவளை விட்டு அடுத்தவளிடம் தாவிவிடும். திரும்பி வரும்போது ஓரிரு ஆண்டு கழிந்திருக்கும். மாத்திரையின் எண்ணிக்கை கூடியிருக்கும். கூடியது எப்படி என்று ஆசிரியர் விவரிப்பதில்லை. அந்த இடைவெளிதான் விவரிப்பு. தேர்ந்த நாவலாசிரியர்கள் பலர் சொல்லிச் சொல்லி மாயும் ஒன்றை இந்த மட்டமான நடைக்காரர் ஆண்டு எண்ணை மாற்றியே சாதித்துவிடுகிறார்.

‘டால்’ என்பது இங்கே மாத்திரைக்கான செல்லப் பெயர். செகனால் சிவப்பு, நெம்புடால் மஞ்சள், அமிட்டால் நீலம். மூன்றும் பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகள். பசியைக் கொல்லும் பச்சை மாத்திரை தனி. நாவலின் உண்மையான சாதனை இந்த மாத்திரைகளை அது வைக்கும் இடத்தில் இருக்கிறது. முந்தைய அமெரிக்கப் புனைவில் போதை என்பது வேலையை விட்டு விழுவது. சார்ல்ஸ் ஜாக்சனின் ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ (1944) நாயகன் குடிக்காகத் தட்டச்சு இயந்திரத்தை அடகு வைக்க அலைகிறான். நெல்சன் ஆல்கிரனின் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ (1949) நாயகன் மார்பினுக்காகச் சந்துகளில் ஒளிகிறான். எழுத்தின் தரத்தில் இருவரும் சூசனைவிடப் பல படி மேல். ஆனால் சூசனின் பெண்கள் மாத்திரை போடுவது வேலைக்குப் போவதற்காக. விடிந்ததும் படப்பிடிப்பு, ஆகவே இரவு சீக்கிரம் தூங்கியாக வேண்டும். உடை இறுக்கம், ஆகவே பசிக்கக் கூடாது. ராத்திரிச் சிவப்பின் மந்தம் காலையில் தெளிய இன்னொன்று. மருந்துச் சீட்டு எழுதுபவர் மருத்துவர்; நடிகை ஓடிக்கொண்டே இருப்பதில் கம்பெனிக்கு ஆதாயம். எடை குறைப்பதற்காக ஜெனிபர் சுவிட்சர்லாந்தில் நாள்கணக்கில் தூங்கவைக்கப்படும் பகுதியைப் படித்துப் பாருங்கள். அங்கே சீர்கேடு எதுவும் நடப்பதாக யாரும் நினைப்பதில்லை. நல்ல கவனிப்பு, சுத்தமான படுக்கை, இறங்கிய எடை. திகில் முழுவதும் அந்தச் சுத்தத்தில்தான்.

காலமும் இதை ஒப்புக்கொண்டது. 1955-இல் ‘மில்டவுன்’ என்ற பதற்றத்தணிப்பு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்து, வீட்டு அலமாரிகளில் இடம்பிடித்தது. 1962-இல் மரிலின் மன்றோ பார்பிட்யூரேட்டால் இறந்தார். நாவல் வெளிவந்த மூன்றாம் ஆண்டு, 1969-இல், ஜூடி கார்லண்ட் லண்டனில் அதே வகை மருந்தால் இறந்தார். அதற்கு முன் நடந்தது இன்னும் விபரீதம்: படத்தில் ஹெலன் லாசனாக நடிக்க கார்லண்டையே ஒப்பந்தம் செய்து, பிறகு நீக்கி, சூசன் ஹேவர்டை வைத்து எடுத்தார்கள். நாவலில் இப்படியொரு காட்சி வந்திருந்தால் மிகை என்று நானே வெட்டச் சொல்லியிருப்பேன்.

இனிக் குறைகள். சிறியவை அல்ல, மன்னிக்கத் தக்கவையும் அல்ல. உரைநடை தட்டை. உணர்ச்சிக்கு நிகழ்வைத் தேடாமல் அதன் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். வருணனை என்பது அநேகமாக ஆடையின் விலையும் அறையின் அகலமும்தான். ஆண் பாத்திரங்கள் அட்டை உருவங்கள். ஆன் காதலித்து மணக்கும் லயான் பர்க் அழகாயிருக்கிறான் என்பதற்கு மேல் அவனைப் பற்றி நமக்குத் தெரியவருவது சொற்பம். ஏழைக் காப்பீட்டு முகவராக நடிக்கும் கோடீஸ்வரன் ஆலன் கூப்பர் எந்த மாதநாவலிலும் கிடைப்பான். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைப் பற்றிய பேச்சு முழுக்க இழிசொல். பாத்திரங்களின் வாய் அது என்று சமாதானம் சொல்ல முடியாது, கதைசொல்லியும் அந்த இளிப்பில் சேர்ந்துகொள்கிறார். ஹாலிவுட்டின் இருபது ஆண்டைச் சொல்ல வந்த நூல், 1947-இல் தொடங்கிப் பல எழுத்தாளர்களின் பிழைப்பைப் பறித்த கறுப்புப் பட்டியலைப் பொருட்படுத்துவதே இல்லை. தொலைக்காட்சியின் வருகையை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆன் அழகுசாதன விளம்பரத்தின் முகமாகிச் சம்பாதிக்கும் பகுதி, சினிமாப் புகழுக்குப் போட்டியாக வேறொரு புகழ் பிறந்ததைப் போகிறபோக்கில் பதிவு செய்கிறது.

நடை தட்டை என்றேன். உரையாடலுக்கு அது பொருந்தாது. சூசனின் காது கூர்மையானது. நாடகக் கம்பெனியும் ஒத்திகையும் ஒப்பனை அறையும் அவர் உள்ளேயிருந்து பார்த்த உலகம். புதிய இசைநாடகம் நியூயார்க்குக்கு வருமுன் வெளியூர்களில் வெள்ளோட்டம் விடப்படும் பகுதிகளில், தன்னைவிட நன்றாகப் பாடும் இளம்பெண்ணை ஹெலன் லாசன் எப்படி வெளியேற்றுகிறாள் என்பது துல்லியம். கத்தல் இல்லை. ஒரு பாட்டு குறைகிறது, ஒரு நுழைவு மாறுகிறது, கடைசியில் அந்தப் பெண்ணே விலகிப் போகிறாள். அந்தக் காலியிடத்தில்தான் நீலி மேடையேறுகிறாள். அடுத்தவளின் வெளியேற்றம்தான் தன் நுழைவு என்று அவளுக்கும் தெரியும். அதை அவள் ஒரு நாளும் மறப்பதில்லை. பல ஆண்டு கழித்துப் பெண்கள் ஒப்பனை அறையில் ஹெலனின் டோப்பாவைப் பிடுங்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுவதும் அவளே. படம் இந்தக் காட்சியைக் குழாயடிச் சண்டையாக்கியது. நாவலில் இது வாரிசுரிமைச் சடங்கு. ஹெலன் ஆகிவிட்ட நீலி பழைய ஹெலனை மொட்டைத்தலையோடு நிற்கவைத்துப் பார்க்கிறாள். தன் முறை எப்போது என்ற கேள்வியை ஆசிரியர் எழுதாமல் விட்டது அவருடைய நல்ல முடிவுகளில் ஒன்று. அதை எழுதிவிடும் ஆசை அவருக்கு மற்ற இடங்களில் நிறைய உண்டு.

நீலி படைப்பு, ஆன் ஏற்பாடு. வாசகி கைபிடித்து நடக்க ஒரு நல்ல பெண் வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டவள் ஆன். முக்கால் பங்கு நூலில் அவள் பார்க்கிறாள், வருந்துகிறாள், காத்திருக்கிறாள். ஜெனிபர் இவ்விருவருக்கும் இடையில் நிற்கிறாள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, தான் மணக்கவிருக்கும் செனட்டரிடம் அதைச் சொல்லத் துணிகிறாள். அவரோ அவளுடைய மார்பின் அழகையே பேசிக்கொண்டிருக்கிறார். அவள் சொல்லவில்லை, மாத்திரைகளை விழுங்கிச் சாகிறாள். சூசனுக்கே 1962-இல் அதே நோய் கண்டு மார்பகம் அகற்றப்பட்டது. அந்தச் செய்தி வெளியே வராதபடி பார்த்துக்கொண்டவர் அவர். வாழ்க்கைக் குறிப்பை வைத்து நாவலுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் கூவி விற்கும் இந்த நூல் இந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் குரல் தாழ்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

வம்பு என்பது நாவலுக்கு முறைமையாக முடியுமா? இதே காலத்தை ஒட்டித் தமிழில் வந்த அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ முடியாது என்று சொல்லும். அங்கே தயாரிப்பு நிர்வாகி விடியுமுன் ஆட்களைத் திரட்டுகிறார், வேலை நடக்கிறது, மனிதர்கள் கரைகிறார்கள். யார் யார் என்று ஊகிக்கும் சபலத்துக்கு அது வாசகரை அழைப்பதில்லை. வடிவ ஓர்மையிலும் மொழிச் சிக்கனத்திலும் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதற்கில்லை. ஆனால் சூசன் எடுத்துக்கொண்ட பொருளே வேறு. புகழுக்கு வம்புதான் நாணயம். தூரத்தில் நின்று அதை எழுதுபவர் தன்னைக் காத்துக்கொள்கிறார். சூசன் வாசகரின் நாக்கையும் அதில் நனைக்கிறார். அசல் மனிதர்கள் மறக்கப்பட்ட பின்னும் ருசி போகாததற்குக் காரணம், ஊகிக்கும் ஆட்டத்தைவிட அந்த ஆட்டத்தில் நமக்கிருக்கும் பங்கு வெளிப்படுவதுதான். கிரேஸ் மெட்டாலியஸின் ‘பெய்டன் பிளேஸ்’ (1956) நடையில் இதைவிட மேல், எல்லை சிறியது. ஹரால்ட் ராபின்ஸின் ‘தி கார்பெட்பேகர்ஸ்’ (1961) வேகத்தில் நிகர். ஹவர்ட் ஹியூஸை நினைவூட்டும் நாயகனின் அதிகாரத்தில் அது மயங்கிவிடுகிறது. சூசனுக்கு அந்த மயக்கம் இல்லை.

இன்றைய வாரிசுகளில் டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் குறிப்பிடத் தக்கவர். ‘தி செவன் ஹஸ்பண்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹியூகோ’ (2017), ‘டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்’ (2019) இரண்டும் சூசனைவிடச் சீரான கட்டமைப்பு கொண்டவை. சூசனின் இழிசொற்கள் அவற்றில் இல்லை, தன்பாலீர்ப்பு ஈவ்லினின் கதையில் மரியாதையோடு நடுநாயகமாகிறது. நடிகையும் பாடகியும் கடைசியில் தங்கள் கதையைத் தாங்களே சொல்லி ஒருவகை நிம்மதிக்கு வந்துசேர்கிறார்கள். நாகரிகம் கூடியிருக்கிறது, துணிவு குறைந்திருக்கிறது. குணமாகாத ஒருத்தியை வாசகரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் தைரியம் சூசனுக்கு இருந்தது.

அந்தத் தைரியத்தை ஆனிடம்தான் காண்கிறோம். லயானைத் தன்னருகே நிறுத்துவதற்காக அவனுக்குத் தெரியாமல் தன் பணத்தையே அவன் தொழிலில் போட்டவள் அவள். புத்தாண்டு விருந்து, வீடு நிறைய ஆட்கள், உள்ளே கணவன் இன்னொரு இளம் பாடகியோடு. ஆன் தலைவாரிக்கொள்கிறாள், சிவப்பு ஒன்றை எடுத்துக்கொள்கிறாள், ஒவ்வொரு முறையும் வலி கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போடுகிறாள். முக்கால் பங்கு நூல் நான் பாத்திரமே இல்லை என்று ஒதுக்கிய பெண் இந்த ஒன்றரைப் பக்கத்தில் பாத்திரமாகிறாள். இதற்காக முன்னிருக்கும் நானூறு பக்கத்தின் நடையை மன்னிக்க முடியுமா என்றால், என்னால் முடியவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் மூன்றாம் முறையாக எடுத்துப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.