பந்தை விட்டுப் பாதத்தைப் பாருங்கள்

எங்கள் பெரியப்பாவுக்கு டென்னிஸ் ஆட்டத்தில் பந்தைப் பார்க்கும் வழக்கம் கிடையாது. பொங்கலை ஒட்டி வரும் ஆஸ்திரேலிய ஓபன் பந்தயத்தின்போது, மெல்போர்ன் நகரத்தில் காலை 11 மணியாகி முதல் ஆட்டங்கள் ஆரம்பமாகிற அதே வேளையில், நம் ஊரின் ஐந்தரை மணிப் பனியில், தோளைச் சுற்றித் துண்டைப் போர்த்துக்கொண்டு, கையில் காபி டம்ளரோடு தொலைக்காட்சியின் எதிரே வந்து அமர்வார். பந்து போகும் திக்கெல்லாம் கண்ணை ஓட்டி நாங்கள் களைத்துப் போக, அவர் மட்டும் திரையின் கீழ்ப்பாதியிலேயே பார்வையை நிறுத்தியிருப்பார்.

"என்ன பெரியப்பா, அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாதடா, அவன் காலுக்குத்தான் தெரியும்" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுபோலத் தோன்றிய அந்த வார்த்தையின் பொருள் விளங்க எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. இனி எழுதப் போவது அதற்கு ஒரு வியாக்கியானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராண்ட்ஸ்லாம் பந்தயங்கள் நான்கில் விம்பிள்டன் புல்லில் நடக்கிறது. பாரிஸ் பந்தயம் செம்மண்ணில் நடக்கிறது. நியூயார்க்கும் மெல்போர்னும் சாயம் பூசிய கடினத் தரையைக் கைக்கொண்டவை. புல்லின் சோபையையும் மண்ணின் வாசனையையும் பாடுகிற ரசிகர்கள் பலர் கடினத் தரையை ஜீவனற்றது என்று ஒதுக்குவதை நான் கேட்டிருக்கிறேன். நானும் வெகுகாலம் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ஆனால் புல் தேயத் தேயப் பந்து தாழ்ந்து வழுக்குவதும், மண்ணில் பட்ட பந்து வேகமிழந்து மேலெழும்புவதுமாக, அவ்விரண்டு களங்களிலும் தரையே மூன்றாவது ஆட்டக்காரனாக நடுவில் புகுந்து, ஒருவனுக்குக் கைகொடுத்து மற்றவனை வாரிவிடுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால், யாருக்கும் பரிந்து பேசாத இந்த நீலத் தரையின் கௌரவம் புலப்படும். வந்த பந்தை வந்தபடியே எழுப்பிக் கொடுப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. தவறு நேர்ந்தால் தரையின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள அங்கே இடமில்லை.

1905-ஆம் வருஷம் ஆரம்பமான இந்தப் பந்தயமும் எண்பது வருஷங்களுக்கு மேல் புல்தரையில்தான் நடந்து வந்தது. 1972 முதல் மெல்போர்னின் கூயோங் டென்னிஸ் சங்கத்தில் நிலைபெற்றிருந்த அது, 1988-இல் யாரா நதிக்கரையில் கட்டிய புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தபோதுதான் கடினத் தரைக்கு மாறியது. ரப்பர் கலந்த அந்த முதல் தரையின் பெயர் ரீபவுண்ட் ஏஸ், நிறம் பச்சை. கடும் வெயில் அடிக்கும் நாட்களில் அது இளகிப் பிசுபிசுத்து, ஓடுகிறவனுடைய பாதரக்ஷையைப் பற்றிக்கொள்ளும், கணுக்கால் பிசகும் என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டதுண்டு. 2008-இல் அதை நீக்கி நீலத் தரை போட்டார்கள். மஞ்சள் பந்து தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிவதற்கு நீலம் உகந்தது. 2020 முதல் இருக்கும் தரைக்குக் கிரீன்செட் என்று பெயர். பெயரில்தான் பச்சை, தரை என்னவோ நீலம்.

இப்போது காலுக்கு வருவோம். ஏதேனும் ஒரு ஆட்டத்தில், ஒரே ஒரு கேம் மட்டும், பந்தையும் எதிராளியையும் அடியோடு மறந்துவிட்டு, திரையின் கீழ்ப்பக்கம் முதுகு காட்டி நிற்கிற ஆட்டக்காரரின் பாதங்களையே பாருங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடுவதற்கு ஒரு கண்ணிமைப் பொழுது முன்னதாக அவர் தரையிலிருந்து இலேசாக எழும்பி, பந்து அடிபடும் தருணத்தில் இரண்டு பாதங்களும் விரிந்து ஊன்றும்படி இறங்குவதைக் காண்பீர்கள். இந்தச் சிறு துள்ளல்தான் ஆட்டத்தின் லயம். ஊன்றிய அந்த நொடியில் உடம்பின் பாரம் இடமோ வலமோ சாய்ந்து அடுத்த ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறது. பந்தை நெருங்கியதும் எட்டு குறைந்து, கோழி நடப்பதுபோலப் பொடிப்பொடியாக நான்கைந்து அடிகள் வைத்து, கைக்கும் பந்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் மட்டை வீசப்படுகிறது. வீசி முடித்ததும், அடி எப்படிப் போயிற்று என்று நின்று பார்த்து மகிழ்வதற்கு அவகாசமின்றி, கால்கள் பழைய ஸ்தானத்துக்குத் திரும்பி ஓடுகின்றன. நம் கண்ணைப் பறிக்கும் அந்த ஓங்கிய அடி, இத்தனை வேலைகளும் முடிந்த பிறகு கடைசியில் விழுகிற கையெழுத்து மாத்திரமே.

ஆட்டக்காரருக்குச் சோர்வு தட்டினால் முதலில் குறைவது இந்தத் துள்ளல்தான். முகத்தில் ஒன்றும் தெரியாது. அடியின் வேகம்கூடக் கொஞ்ச நேரம் குறையாது. ஆனால் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால், மூன்று நான்கு கேம்களுக்குள் அந்த செட் கைநழுவப் போகிறது என்று துணிந்து சொல்லலாம். பெரியப்பா ஜோசியம் சொல்வதாக நாங்கள் வியந்துகொண்டிருந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

காதுக்கும் இதில் பங்கு உண்டு. செம்மண்ணில் சறுக்கி ஆடுவது பழைய வித்தை. கடினத் தரையிலும் சறுக்கலாம் என்று நிலைநாட்டியவர்களுள் பிரதானமானவர், இந்தப் பந்தயத்தைப் பத்து முறை வென்ற செர்பியாவின் நோவாக் ஜோகோவிச். எட்டாத பந்தை நோக்கி அவர் கால்களை அகல விரித்துச் சறுக்கும்போது பாதரக்ஷை தரையில் கிறீச்சிடும் ஓசை, கேட்பதற்குச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும், அவர் எத்தனை தூரம் ஓடி எந்த இடத்தில் நின்றார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட வைக்கும். அரங்கத்தின் கூரையை மூடிவிட்டால் பந்தடிக்கும் சத்தமே வேறு; மட்டையின் நடுவில் விழுந்ததா ஓரத்தில் விழுந்ததா என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் தெரியும்.

கூரை என்றதும் மெல்போர்னின் ஆகாயத்தைச் சொல்லாமல் தீராது. கண்டத்தின் நடுப்பாலையிலிருந்து வடகாற்று வீசும் நாளில் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுவதும், மாலையில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று திரும்பியதும் சொற்ப நேரத்தில் உடம்பு சிலிர்க்கும்படி குளிர்ந்துவிடுவதும் அந்த ஊரின் சுபாவம். வெயிலில் காய்ந்த பந்து துடிப்போடு பறக்கிறது. இரவுக் குளிரில் அதே பந்து மந்தமாகித் தாழ எழும்புகிறது. ஆகையால் ஒரே ஜோடி பகலில் ஆடும் ஆட்டமும் இரவில் ஆடும் ஆட்டமும் ஒன்றல்ல. வேகமான சர்வீஸை நம்பியிருப்பவர் பகலை விரும்புவதும், நின்று நிதானித்துப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பவர் இரவை விரும்புவதும் இதனால்தான். வெப்பத்தை ஒன்று முதல் ஐந்து வரை அளக்க 2019 முதல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்தைத் தொட்டால் வெளிக்களங்களில் ஆட்டம் நிற்கும். ராட் லேவர், மார்கரெட் கோர்ட், ஜான் கெயின் என்ற மூன்று அரங்கங்களுக்கும் திறந்து மூடும் கூரை உண்டு. புது மைதானத்தின் முதல் வருஷத்திலேயே, ஸ்டெஃபி கிராஃப் கிறிஸ் எவர்ட்டை வென்ற இறுதி ஆட்டத்தின் நடுவில் மழை பிடித்துக்கொள்ள, கூரையை மூடிவிட்டுத் தொடர்ந்தார்கள்.

ஆண்களுக்கு ஐந்து செட், பெண்களுக்கு மூன்று. இதைக் கொண்டு பெண்கள் ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது பெரும் பிசகு என்பது என் அபிப்பிராயம். ஐந்து செட் ஆடுகிறவன் ஒரு செட்டைத் தாராளமாக இழந்துவிட்டு யோசனை செய்யலாம்; மூன்று செட் ஆடுகிறவளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 2025-இல் மாடிசன் கீஸ், அரை இறுதியில் இகா ஸ்வியாடெக்கிடம் ஒரு மேட்ச் பாயின்ட்டைச் சமாளித்துப் பிழைத்து, கடைசி செட்டின் பத்துப் புள்ளி டைபிரேக்கை 10-8 என்று வென்றதையும், இறுதியில் அரினா சபலெங்காவை மூன்று செட்களில் வீழ்த்தியதையும் பார்த்தவர்கள், ஐந்து செட்டின் அவஸ்தை முழுவதையும் மூன்றுக்குள் அடைத்துவிட முடியும் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. இறுதி ஆட்டத்துக்காகக் காத்திராதீர்கள். ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர் என்று கூட்டமாக ஆடும் முதல் வாரத்தில்தான், பேர் தெரியாத ஒருவன் பேர் பெற்ற ஒருவனைத் திணறடிக்கும் காட்சி கிடைக்கும். அங்கே நேரில் போகிறவர்கள், பெரிய அரங்கத்துச் சீட்டுக்குக் கொட்டும் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு, பொதுச் சீட்டு வாங்கி வெளிக்களங்களில் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும் தூரத்தில் உட்காருவதே மேல். இரட்டையர் ஆட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். 2024-இல் நம் குடகுநாட்டு ரோகன் போபண்ணா, மாத்யூ எப்டனோடு சேர்ந்து பட்டம் வென்றபோது அவருக்கு வயது 43. வலைக்கருகில் நின்றுகொண்டு, ஓடாமல், எதிராளி அடிக்கும் முன்பே ஓரடி நகர்ந்து வழியை மறிக்கிற அவருடைய சாமர்த்தியமும் காலின் வித்தைதான்.

ஆனால் பெரியப்பாவைக் கேட்டால், மெல்போர்ன் என்றாலே அவருக்கு 1989-தான். அதற்கு முந்தைய வருஷம் அதே அரங்கில் பாட் காஷை ஐந்து செட்களில் வென்று கோப்பையைப் பெற்று, உலகத்தின் முதல்நிலை வீரராக வந்திருந்த சுவீடனின் மாட்ஸ் விலாண்டரை, இரண்டாவது சுற்றில் நம் சென்னை ரமேஷ் கிருஷ்ணன் 6-3, 6-2, 7-6 என்று நேர் செட்களில் தோற்கடித்தார். ரமேஷின் சர்வீஸில் மிரட்டும் வேகம் கிடையாது. தந்தை ராமநாதன் கிருஷ்ணனைப் போலவே பந்தை அடிப்பதை விட அதைத் தடவிக் கொடுத்து அனுப்புகிற சுபாவம். அப்படிப்பட்டவர், சலிக்காமல் பந்தைத் திருப்புவதில் நிகரற்ற விலாண்டரை எப்படி வென்றார் என்றால், பந்து தரையைத் தொட்டு எழும்பும்போதே, அது உச்சிக்குப் போகும்வரை காத்திராமல், ஓரடி முன்னே வந்து அதை வாங்கிக்கொண்டதனால்தான். தரை பொய் சொல்லாது என்ற நம்பிக்கை இருந்தாலொழிய அந்த ஓரடியை முன்னே வைக்க முடியாது. பலத்தில் குறைந்தவனுக்கு அந்தப் பச்சைத் தரை செய்த உபகாரம் அது.

2023-இல் ஒரு நாள், மாலைக் காபி ஆறுவதற்குள் ஓர் ஆட்டம் தொடங்கிற்று. மெல்போர்னில் அப்போது இரவு பத்து மணிக்கு மேல். இடுப்பில் உலோகம் பொருத்திக்கொண்ட 35 வயது ஆண்டி மர்ரி, ஆஸ்திரேலியரான தனாசி கொக்கினாகிஸிடம் முதல் இரண்டு செட்களையும் இழந்திருந்தார். மூன்றாவது செட்டில், தலைக்கு மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்த ஓங்கிய அடிகளையெல்லாம் பின்வேலி ஓரத்துக்கு ஓடி ஓடித் திருப்பி, கடைசியில் அந்தப் புள்ளியையும் பெற்றார் மர்ரி. எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஆட்டம் 5 மணி 45 நிமிஷம் நடந்து, அங்கே விடியற்காலை 4.05-க்கு மர்ரியின் ஜயத்தில் முடிந்தபோது நமக்கு இரவு 10.35. ஐந்தாவது செட்டின் நடுவில், பெரியம்மா வார்த்து வைத்த தோசை தட்டில் விறைத்துக் கிடக்க, "யார் பெரியப்பா ஜெயிப்பார்கள்?" என்று மெல்லக் கேட்டேன். திரையின் கீழ்ப்பாதியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னும் துள்ளுகிறான் பார்" என்றார்.