உப்புக்காற்றும் ஹேண்டிகேமும்

ஒரு காலத்தில் பல மாதச் சம்பளத்தை விழுங்கிய கேசட் வீடியோ கேமராக்கள் இன்று பழைய பொருள் விற்கும் செயலிகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் அந்தக் கேமராக்கள் கடைக்கு வந்தபோது பிறந்தே இராதவர்கள். செல்போன் படத்தின் துல்லியம் அவர்களுக்கு அலுத்துவிட்டது. சற்று மங்கலான, நிறம் கசிந்த பழைய படம்தான் வேண்டும் என்கிறார்கள். சினிமாவும் அதைத் தேடிப் போகிறது. 2022-இல் வெளிவந்த ‘ஆஃப்டர்சன்’ படத்தில், அப்பாவும் மகளும் விடுமுறையில் மினிடிவி (MiniDV) என்ற சிறு டிஜிட்டல் கேசட்டில் எடுத்துக்கொண்ட காட்சிகள்தான் கதையைத் தாங்குகின்றன.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இந்த மோகத்தை அப்படியே ஏற்கவும் முடியாது, சிரித்து ஒதுக்கவும் முடியாது. இங்கே அந்தக் கேமரா பழைய விருந்தாளி. அது எடுத்த கேசட்டுகள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. அதே சமயம், டேப்பில் ஓடும் எந்த இயந்திரத்துக்கும் இந்த ஊர்க் காற்றைப்போல் எதிரி வேறில்லை. எனவே ‘வாங்கலாமா?’ என்பதோடு ‘எதற்காக வாங்குவது?’ என்றும் கேட்டாக வேண்டும்.

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுகிலும் துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் உண்டு. 1985-இல் சோனி நிறுவனம் ‘ஹேண்டிகேம்’ என்ற பெயரில் 8 மில்லிமீட்டர் கேசட் கேமராவைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு அதுவும் சூட்கேசில் ஊர் வந்து சேர்ந்தது. அதுவரை வீட்டு வீடியோ என்றால் கல்யாண வீடியோக்காரர்தான். தோளில் சுமக்கும் பானசோனிக் விஎச்எஸ் கேமரா, கண்ணைக் கூசவைக்கும் ஹாலஜன் விளக்கு, வயரைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓட ஒரு பையன் என்று அது ஒரு சிறிய படப்பிடிப்பு. ஹேண்டிகேம் வந்ததும் அந்தச் சடங்கு உடைந்தது. நிக்காஹ் வைபவத்தோடு அடுப்படியும் பதிவானது. காதுகுத்தோடு அதற்கு முந்தின நாள் பந்தல் போட்டதும் பதிவானது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு நிமிடத்துக்கு நிமிடம் பணம் தின்ற அந்நாளில், விடுப்பு முடிந்து திரும்புகிறவர் கையில் கொண்டுபோன கேசட் ஒரு நீண்ட கடிதத்தின் வேலையைச் செய்தது.

அந்தக் கேசட்டுகளின் உண்மையான மதிப்பு எடுத்தவர் குறிவைத்த முகங்களில் மட்டும் இல்லை. முகங்களுக்குப் பின்னால் ஓடிய ஊரிலும் இருக்கிறது. பாம்பன் ரயில் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1914-இல் திறந்த பாலம் அது. கப்பல் வரும்போது நடுவிலுள்ள ஷெர்சர் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். 2007-இல் அகலப்பாதை வரும்வரை அதில் மீட்டர்கேஜ் ரயில் போனது. 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. ராமேசுவரத்துக்கு மொட்டையடிக்கப் போன குடும்பம் ரயில் ஜன்னல் வழியே பிள்ளைகளுக்காக எடுத்த இரண்டு நிமிடம் இன்று ஓர் ஊரின் ஆவணம். தனுஷ்கோடியும் அப்படித்தான். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும்முன், மணலிலும் தண்ணீரிலும் வேனும் ஜீப்பும் குலுங்கிக்கொண்டு போன பயணத்தைக் குடும்பக் கேசட்டுகளில்தான் அந்தக் குலுக்கலோடு பார்க்க முடியும்.

டேப் கேமராவின் முதல் பலம் அதன் வறுமை. மினிடிவி கேசட் சாதாரண வேகத்தில் 60 நிமிடம் ஓடும். 8 மில்லிமீட்டர் கேசட் 90 நிமிடம். ‘டேப் தீர்ந்துவிடும்’ என்ற எண்ணம் கையைக் கட்டுப்படுத்துகிறது. எடுப்பவர் காத்திருந்து எடுக்கிறார். எடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறார். செல்போனில் பதினைந்து விநாடிக்கு மேல் தாங்காத காட்சி, பழைய கேசட்டில் ஐந்து நிமிடம் ஒரே ஓட்டமாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பெரியம்மா பேச்சை ஆரம்பித்து, வேறெங்கோ போய், திரும்பி வருகிறார். உச்சரிப்பும் இழுவையும் ஊர்வழக்கும் முழுசாகக் கிடைக்கின்றன. மொழியை ஆராய்கிறவருக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒரே அளவு பயன்படும் செல்வம் அது.

இரண்டாவது பலம் கண்ணாடியிலும் உணரியிலும் உள்ளது. சாதாரண ஹேண்டிகேமில்கூட 10 மடங்கு, 20 மடங்கு தூரத்தை இழுக்கும் உண்மையான ஒளியியல் ஜூம் உண்டு. கரையில் நின்றபடியே திரும்பி வரும் விசைப்படகில் யார் நிற்கிறார் என்று பார்த்துவிடலாம். அதோடு, அக்காலக் கேமராக்களின் சிசிடி உணரி முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. செல்போனின் சீமாஸ் உணரியோ மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து செல்போனில் பாலத்தை எடுத்தால் கம்பிகள் ஒருபக்கமாகச் சாயும். பழைய கேமராவில் அவை நேராகவே நிற்கும்.

ஆனால் அதே சிசிடி கடலின் முன் சறுக்கிவிடும். ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் காலை வெயில் அலைமேல் பட்டுத் தெறிக்கும்போது, படத்தின் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு ஒன்று இறங்கும். அதிக வெளிச்சம் உணரியில் வழிந்து செங்குத்தாகப் பரவுவதால் வரும் கோளாறு அது. பழைய நிறத்தை விரும்புகிறவர்கள் அதை அழகு என்பார்கள். அந்தக் கோடு தாத்தாவின் முகத்தில் விழுந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துத் திண்ணையில் படம் புள்ளி புள்ளியாகக் கலையும். கச்சான் காற்று வீசும் நாளில் கேமராவின் ஒலிவாங்கி காற்றை மட்டும்தான் கேட்கும். தெளிவைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. இந்தியாவும் வளைகுடாவும் பயன்படுத்திய பால் (PAL) என்ற வீடியோ முறையில் மினிடிவி படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள். இன்றைய 4கே செல்போன் படத்தில் அதைப்போல் இருபது மடங்கு புள்ளிகள் உண்டு.

எடுத்த விதத்திலும் குறை இருந்தது. ஜூம் பொத்தானை விட்டுக் கையை எடுக்காத பழக்கம் பல வீட்டுக் கேசட்டுகளைப் பார்க்கவொட்டாமல் செய்திருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, கேமரா எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தது. விலை உயர்ந்த பொருள், பிள்ளைகள் தொடக்கூடாது. விளைவு, வெளிநாட்டிலிருந்து வந்து ஆசை ஆசையாக எல்லாரையும் எடுத்தவர் கேசட்டில் குரலாக மட்டுமே இருக்கிறார். வீட்டுப் பெண்கள் அவர் பார்த்த கோணத்தில் மட்டுமே தெரிகிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு செல்போன் வந்தபின் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. இதில் புதியதுக்கே வெற்றி. படத்தின் மூலையில் பதியும் தேதியையும் முழுசாக நம்ப முடியாது. உள்ளிருக்கும் சிறிய பேட்டரி செத்தால் கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன்பின் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் நடந்ததாகவே காட்டும்.

இனி காற்றுக்கு வரலாம். உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய, காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நிலையம் அமைத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. ஆராய்ச்சிக்குத் தோதான அந்த உப்புக்காற்றில்தான் கேமராவும் இருக்கிறது. மினிடிவி கேமராவுக்குள் கட்டைவிரல் அளவு உலோக உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. அதில் பதித்த நுண்ணிய தலைகள் 6.35 மில்லிமீட்டர் அகல டேப்பில் சாய்வான தடங்களை எழுதுகின்றன. ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. அரிச்சல்முனை மணலில் ஒரு துகள் உள்ளே போனால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. ஏசி காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்துக் கடற்கரையில் நின்றால் உருளைமேல் ஈரம் பூக்கும். பல மாடல்களில் ஈரத்தை அறியும் உணரி உண்டு. திரையில் துளிக் குறி மின்னும், கேமரா வேலை செய்ய மறுக்கும். மறுக்காத மாடலில் ஈரமான உருளையோடு டேப் ஒட்டிக்கொண்டு சிக்கிக் கசங்கும். பீரோவில் வைத்த கேசட்டுக்கோ பூஞ்சை. கேசட்டின் ஜன்னல் போன்ற ஒளிபுகும் பகுதி வழியே பார்த்தால் டேப் சுருளின் விளிம்பில் வெண்தூள் தெரியும். அதை அப்படியே ஓடவிட்டால் கேமராவின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டும் கெடும்.

டேப்பின் மேல் சொல்லப்படும் இன்னொரு குற்றம், ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்பது. உண்மைதான். மினிடிவி கேசட்டை ஃபயர்வயர் என்ற கம்பி இணைப்பு வழியே ஏற்றினால் டேப்பில் இருப்பது தரம் குறையாமல் அப்படியே வரும். மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஆனால் அந்தத் துளை உள்ள லேப்டாப் இப்போது கடையில் இல்லை. பழைய கணினியையோ தனி அட்டையையோ தேடவேண்டும்.

கேசட்டை ஏற்றும் தொல்லைக்குப் பயந்து 2000-களில் பல குடும்பங்கள் செய்த காரியம்தான் பெரிய இழப்பு. விஎச்எஸ், 8 மில்லிமீட்டர் கேசட்டுகளைக் கடையில் கொடுத்து ‘சிடி போட்டு’ வாங்கினார்கள். இடம் அடைக்கிறது என்று கேசட்டைத் தூக்கிப்போட்டார்கள். அந்த விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். ஏற்கெனவே குறைவாக இருந்த தரம் இன்னும் சரிந்தது. மலிவான சிடிக்கள் உப்புக்காற்றில் உரிந்தும் மங்கியும் போயின. கேசட்டைத் தூக்கிப்போடச் சோம்பலாக இருந்த வீடுகள்தான் இன்று அதிர்ஷ்டசாலிகள்.

அந்த அதிர்ஷ்டத்துக்கும் கெடு உண்டு. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. காந்த டேப்பில் உள்ளவற்றை உடனே மாற்றாவிட்டால் அவற்றைக் கேட்கவும் பார்க்கவும் கருவி இல்லாமல் போகும் என்று யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் எச்சரித்தன. அவை சுட்டிய ஆண்டு 2025. அது வந்தும் போய்விட்டது. டேப் இருக்கிறது, ஓட்டும் கருவிதான் அருகிவருகிறது.

இங்கேதான் அந்தச் சில ஆயிரம் ரூபாய்க் கேமராவின் கணக்கு மாறுகிறது. புதிதாகப் படம் எடுக்க அது சுமாரான கருவி. பழைய படத்தை மீட்க அதற்கு எளிதான மாற்று இல்லை. விளையாட்டாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுக்கலாம். நிச்சயதார்த்தத்தையோ, ஒரே ஒரு முறை நடக்கும் வேறெதையுமோ அதை மட்டும் நம்பி எடுக்கக்கூடாது. கிடைக்கும் புதுக் கேசட்டுகளும் பெரும்பாலும் பல ஆண்டுக் கிடங்குச் சரக்கு. எந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் முதலில் வீட்டுக் கேசட்டை எடுத்துப் பார்க்கவேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது என்றால் மினிடிவி. பாட்டுக் கேசட்டைவிடச் சற்றுச் சிறியதாகவும் தடிமனாகவும் இருந்தால் 8 மில்லிமீட்டர். பிந்தியதற்குச் சோனியின் டிஜிட்டல்8 கேமராக்களில் பழைய கேசட்டையும் ஓட்டக்கூடிய மாடல் நல்லது. எல்லா மாடலும் ஓட்டாது, விற்பவரிடம் ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும். துபாய், சிங்கப்பூர்க் கேசட்டுகள் பால் முறை. கனடா, ஜப்பானிலிருந்து வந்தவை என்டிஎஸ்சி முறை. கேமராவும் அதே முறையாக இருக்கவேண்டும். பேட்டரிக்குக் கவலை குறைவு. பல சோனி மாடல்களின் என்பி-எஃப் வகை, கல்யாண வீடியோக்காரர்களின் எல்இடி விளக்குக்காக இன்றும் விற்கிறது. பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் வீட்டில் போட்டுப் பார்க்காமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது பாதுகாப்பு.

ஏற்றிய கோப்பை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கட்டும். கேசட்டைத் தூக்கிப்போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஈரம் தொடங்குமுன் இதை முடித்துவிட்டு, பெரியவர்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார், எந்த வருடம் என்று அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். அந்த வேலைக்குச் செல்போன்தான் நல்ல கருவி.